கடிக்கிற சப்பாத்துக்கு அட்டை மருந்து

என் புருஷன் என்னுடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

பின்னேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் ஓடும் சீமெந்துக் கான் ஓரமாக, மலைத்தண்ணீர் குழாயாக விழும் பீலிக்கு நடந்தார். மடித்துக் கட்டிய சாரம். அதற்குக் கீழே மயிரடர்ந்த இரண்டு கால்கள். அதற்கும் கீழே, கறுப்பாக, பக்கத்தில் சின்ன வார் வைத்த பொம்பளைச் சப்பாத்து. ஒவ்வோர் அடிக்கும் 'சளக், சளக்' என்று சத்தம். கையில் இரண்டு வாளி.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. பத்து இஸ்தோப்புத் திண்ணையிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"சிவனு அண்ணே, கங்காணி வேலை அக்காவுக்கா, ஒங்களுக்கா?"

"சப்பாத்து மட்டும் போதுமா மச்சான்? சேலையும் கட்டிக்கிட்டு வாங்க!"

அவர் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். "சேலை கொடியில காயுது. காஞ்சதும் கட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சளக், சளக்.

நான் அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. மாவை அந்த ஆளின் தலையில் கவிழ்க்கலாமா என்று நினைத்தேன். இந்த மனுஷனுக்கு என் வேலை கேலியாகிவிட்டது என்று நினைத்தேன். எட்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த எட்டு நாளைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஒரு கடிதம்

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு பதுளையிலிருந்து ஒருவர் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். இந்த அம்மா எப்போது பார்த்தாலும் கோபமாக எழுதுகிறாராம். வாழ்க்கையில் நல்லது ஒன்றுகூட நடக்கவில்லையா என்று கேட்கிறார்.

ஐயா, நடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கோபமில்லாமல் எழுத எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு கூடை தூக்கியவள். இருபத்திரண்டு வருஷம் மடுல்சீமைப் பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். பிழையைத் திருத்துவது பத்திரிகைக்காரர் வேலை. கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கை தூக்கவில்லை

கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்கள். அவர்களை மேய்க்க நிற்பது ஆண். இது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

எனக்கும் பல வருஷம் தெரியவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் தெரிந்தது. மலையில் நிற்கிறோம். கக்கூஸ் கிடையாது. ஒதுங்க வேண்டும் என்றால் நிரையை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வர வேண்டும் என்றால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அதுவும் கத்திச் சொல்ல வேண்டும், அவர் இருபது நிரை தள்ளி நிற்பார்.

அப்போது எங்களுக்கு வேலாயுதம் கங்காணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாய் கெட்டது. வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகாத குமரிகளைக்கூட விடமாட்டார். "இப்பத்தானே போன? ஒனக்கென்ன பீலியா ஓடுது?" என்பார். மலையே கேட்கும். அந்தப் பிள்ளைகள் காலையில் தேத்தண்ணி குடிக்காமல் வேலைக்கு வரப் பழகிக்கொண்டார்கள். தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றார்கள். மயங்கி விழுந்தவர்களும் உண்டு.

அப்படி இருக்கும்போது தோட்டத்தை நிர்வாகம் செய்யப் புதுத் துரை வந்தார். வயசு குறைவு. ஒரு நாள் பெரட்டில், காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், திடீரென்று கேட்டார். "பொம்பளைங்க மலைக்குப் பொம்பளையே கங்காணியா இருந்தா என்ன? யாரு செய்வீங்க?"

நாங்கள் எல்லோரும் கூடைக் கயிற்றைச் சரிசெய்தோம். என் பின்னால் மேரி அக்கா நின்றாள். என் நிரைக்குப் பக்கத்து நிரை அவளுடையது, எங்கள் லயத்தில் இரண்டாவது காம்பரா. அவள் முழங்கையால் என் முதுகில் ஓங்கி ஒரு இடி இடித்தாள். நான் "ஐயோ" என்று முன்னால் வந்து விழுந்தேன்.

"சரி, நீங்க" என்றார் துரை.

இப்படித்தான் நான் கங்காணி ஆனேன். தலைமைப் பண்பு என்று யாராவது பேச வந்தால் அவர்களுக்கு மேரி அக்காவின் முழங்கையைக் காட்டுவேன்.

துரை இரண்டு விஷயம் சொன்னார். ஒரு மாசம் பார்ப்பார். மாசக் கடைசியில் என்னோடு ஏழாம் நம்பர் மலையைச் சுற்றி வருவார். சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் கூடை. இரண்டாவது, சப்பாத்து கட்டாயம். வெளிநாட்டுக்குத் தேயிலை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். கங்காணிமார் சப்பாத்துப் போட்டிருக்க வேண்டுமாம். கொழுந்து எடுக்கிற நாற்பது பேரின் கால் எப்படி இருக்கிறது என்று அந்த ஆட்கள் பார்ப்பார்களா என்று நான் கேட்டேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் அந்தக் குமரிகள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நீங்க வந்துட்டா நாங்க கத்தத் தேவையில்லையா?" என்று கேட்டார்கள்.

"தேவையில்ல. கையைக் காட்டிட்டுப் போங்க" என்றேன்.

வாயை விட்டுவிட்டேன். இனி நான் தோற்க முடியாது.

கக்கத்தில் செருப்பு

சப்பாத்து என்றதும் என் அப்பாவைச் சொல்லாமல் போக முடியாது.

அப்பாவிடம் ஒரு ஜோடி தோல் செருப்பு இருந்தது. லுணுகலைச் சந்தைக்குப் போகும்போது மட்டும் போடுவார். பங்களாவுக்குக் கீழே உள்ள வளைவு வந்ததும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். வளைவு தாண்டியதும் போடுவார். துரை பங்களாவில் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் பார்ப்பதில்லை. ஆள் இல்லாத பங்களாவுக்கும் கழற்றுவார்.

"எதுக்குப்பா கழட்டுறீங்க?" என்று சின்ன வயசில் கேட்டேன்.

"கல்லு உள்ள போயிருச்சு" என்றார்.

ஒவ்வொரு தடவையும் அதே வளைவில் கல் உள்ளே போகும். எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆனது. விளங்கியபோது அப்பா இல்லை. அந்த வளைவைத் தாண்டும்போது இப்போதும் நான் வேண்டுமென்றே காலை அழுத்தித் தேய்த்து நடப்பேன். சப்பாத்து சத்தம் மேலே கேட்கட்டும்.

பதுளையில் வாங்கியது

நானும் அவரும் சப்பாத்து வாங்க பதுளைக்குப் போனோம். எங்கள் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு ஒரு மணித்தியாலம் நடை. பிறகு பஸ். அந்த ரோட்டைப் பற்றி எழுதினால் இந்த வாரம் முழுக்க அதுதான் வரும், விடுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரப் பையன் என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்க்கவில்லை. "லேடீஸா?" என்றான். ஒரு பெட்டியை இறக்கினான்.

என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் செங்குத்தான மலையில் நின்ற கால். விரல்கள் ஐந்தும் ஐந்து பக்கம் பார்க்கும். மண்ணைப் பிடித்து நிற்கப் பழகிய விரல்கள் அவை. முன்பாதம் ரொட்டி மாதிரி அகலம். இந்தக் காலுக்குச் சப்பாத்து செய்கிறவன் எந்த ஊரிலும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்தேன். இறுகியது.

"போடப் போட இளகும்" என்றான் பையன்.

எழுந்து நடந்து பார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கடைக்குள் சப்பாத்தோடு நடப்பதற்குக் கூச்சம். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு மலையை நடத்தப் போகிறவள், நாலு அடி நடந்து பார்க்கக் கூச்சப்பட்டேன்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போடுங்கள். எழுந்து நில்லுங்கள். கடைக்குள் நடங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

என் புருஷன் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முட்டை கொண்டுபோவது போல.

கடி

முதல் நாள் பத்து மணிக்குக் கடிக்கத் தொடங்கியது. இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் ஒவ்வோர் அடிக்கும் யாரோ பின்னாலிருந்து கத்தியால் சீவுவது போல இருந்தது.

நொண்டவில்லை. நொண்டினால் வேலாயுதம் கங்காணி பார்த்துவிடுவார். அவருக்கு இப்போது பக்கத்து மலை. நின்று நின்று என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிரை பார்ப்பது போல அடிக்கொருதரம் நின்றேன். நான் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேனே என்று பெண்கள் நினைத்திருப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் நட்சத்திரம்.

மேரி அக்காவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புதுச் சப்பாத்துன்னா கடிக்கத்தான்டி செய்யும். அது ஒன்னைக் கடிக்கிறதுக்கு முன்னுக்கு நீ அதைக் கடிச்சிருக்கணும்."

"என்னாக்கா சொல்றீங்க?"

"குதிகால் பக்கத்துல ஒரு கடி. பல்லு பதியணும். அப்புறம் அது ஒன்கிட்ட வாலாட்டாது. எங்க வீட்டுல எல்லாரும் அப்புடித்தான்."

"நான் என்னா நாயா? போங்கக்கா வேலையப் பாத்துக்கிட்டு" என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தேன். அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா?"

"கடிக்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

"குதிகால்ல. ரெண்டு பக்கமும்."

அவர் மூலையில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். "சரி, விடு. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

மருந்துக்காரர்

என் புருஷனுக்குக் கான் வெட்டுகிற வேலை. மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான்களில் மண் அள்ளுவது, புல் செதுக்குவது. நாள் முழுக்க ஈரத்துக்குள் நிற்க வேண்டும். ஈரம் என்றால் அட்டை. எங்கள் பக்கத்து அட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல் நுனியில் எழுந்து நின்று நம்மைக் கூப்பிடும்.

எல்லோரும் சவர்க்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். அவர் மட்டும் தனியாக ஒரு மருந்து வைத்திருந்தார். சவர்க்காரத்தைச் சீவி, கல் உப்பை இடித்துப் போட்டு, சுண்ணாம்பும் புகையிலைத் தண்ணீரும் விட்டுக் குழைத்து, ஒரு பால்மா டின்னில் வைத்திருப்பார். அதைப் பூசினால் அட்டை ஒரு முழம் தள்ளியே சுருண்டு விழும். அடுத்த டிவிசனிலிருந்துகூட வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அதில் அவருக்குப் பெருமை. அவரைப் புகழ ஆசைப்பட்டால் மருந்தைக் கேட்டால் போதும்.

நான்காம் நாள் காலை. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. சப்பாத்துக்குள் காலை விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் தடவியிருக்கிறார் போல, பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னேன்.

பெரட்டு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் வேர்த்தது. பாதி மலையில் கொப்புளம் உடைந்தது.

உடைந்த கொப்புளத்தில் உப்பும் சுண்ணாம்பும். இதற்கு மேல் எழுத எனக்கு வார்த்தை கிடையாது.

"அம்மா!" என்று கத்திவிட்டேன். நாற்பது பெண்களும் நிமிர்ந்தார்கள். நான் தேயிலைக்கு நடுவில் குந்தி, வாரை அறுக்காத குறையாகச் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாகக் குழம்பு. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வாசனைக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன்.

அட்டை மருந்து.

பக்கத்து மலையிலிருந்து வேலாயுதம் கங்காணி இறங்கி வந்தார். அவசரமே இல்லாமல் வந்தார். இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னா கங்காணியம்மா, கழண்டது சப்பாத்து மட்டுந்தானா?"

அன்று மிச்ச நேரம் வெறுங்காலோடு நின்றேன். பின்னேரம் துரைக்குச் செய்தி போய்விட்டது. கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம். "காலுக்கு மருந்து போடுங்க. புண் ஆறும் வரைக்கும் செருப்போட வாங்க. ஆனா மாசக் கடைசியில நாம மலை ஏறும்போது சப்பாத்து இருக்கணும். இல்லாட்டி நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

சண்டை

வீட்டுக்கு வந்தேன். அவர் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என்னத்தய்யா போட்டு வச்ச சப்பாத்துக்குள்ள?"

"மருந்து."

"என்னா மருந்து?"

"நம்ம மருந்துதான். நீதானே கடிக்குதுன்ன?"

"கடிக்குதுன்னா? உள்ள அட்டையா இருக்கு? சப்பாத்துய்யா கடிக்குது, சப்பாத்து!"

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "கடிக்குதுன்னு சொன்னா எனக்கு வேற என்னா தெரியும்?" என்றார்.

சப்பாத்தை எடுத்து எறிந்தேன். குனிந்துவிட்டார். கதவு நிலையில் பட்டு விழுந்தது. இன்னொன்றையும் எறிந்தேன். அதற்கும் குனிந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவருக்குக் குனியும் பழக்கம் உண்டு.

இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மனுஷன் வாழ்நாளில் சப்பாத்துப் போட்டதில்லை. அட்டையும் கடிக்கிறது, சப்பாத்தும் கடிக்கிறது என்று ஒரே சொல்லை வைத்திருந்தால் கான் வெட்டுகிறவன் எந்தக் கடியை நினைப்பான்? ஆனால் அன்று எனக்கு நியாயம் தேவைப்படவில்லை. குதிகால் தேவைப்பட்டது.

"ஒங்களாலதான் எல்லாம் போச்சு. நாளைக்கு அந்தப் புள்ளைங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்?" என்றேன். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் பின்னேரம்தான் அவர் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பீலிக்குப் போனார்.

எட்டு நாள்

எங்கள் இருவருக்கும் ஒரே அளவு கால். இது கல்யாணத்தன்றே தெரிந்த விஷயம். கோயிலில் கழற்றிவிட்ட செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தோம், இரண்டு பேருக்கும் வீடு வரும்வரை தெரியவில்லை. "மாப்பிள்ளைக்குச் சின்னக் காலா, பொண்ணுக்குப் பெரிய காலா?" என்று அன்றைக்கே ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் இந்த மனுஷன் திரும்பவும் இழுத்துவிடுகிறார் என்று நான் நினைத்தேன். தினமும் நடந்தார். முதல் நாள் பீலி வரைக்கும். அடுத்த நாள் பீலிக்கு மூன்று தடவை. பிறகு விறகுக்கு, பிறகு கடைக்கு. வேலைவிட்டு வந்ததும் மேசு என்கிற காலுறை இரண்டு சோடியைக் காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துப் போட்டு, அதற்கு மேல் சப்பாத்தைத் திணிப்பார். கழற்றியதும் பழைய பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே அடைத்து, அடுப்புக்குக் கிட்ட இல்லாமல், காற்றில் வைப்பார். குதிகால் பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவி, மண்வெட்டிப் பிடியின் நுனியால் தட்டித் தட்டி மெதுவாக்குவார். யாரிடம் கேட்டாரோ தெரியாது. பேசாமல் இருந்ததால் நானும் கேட்கவில்லை.

லயம் சிரித்தது. கடைக்காரர் சிரித்தார். வேலாயுதம் கங்காணி ஒரு நாள் வேண்டுமென்றே எங்கள் லயத்துப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் காலை. நான் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் குந்தி, வேலைக்குப் போகுமுன் எப்போதும் போல அட்டை மருந்தைக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலிலிருந்து கீழே தேய்த்துக்கொண்டு வந்தார். குதிகாலுக்கு வந்ததும் கை நின்றது. மூச்சை இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

நான் வாசலைத் தாண்டிப் போய் நின்றேன். "காட்டுங்க."

"என்னத்த?"

"காலைக் காட்டுங்கன்னு சொன்னேன்."

இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. என்னுடைய புண்ணைவிடப் பெரிய புண். அதில்தான் தினமும் காலையில் உப்பும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு கானுக்குள் இறங்கியிருக்கிறார். தேய்க்காவிட்டால் அட்டை நேராகப் புண்ணுக்குத்தான் வரும்.

"எத்தன நாளா?"

"மூணாம் நாளே வந்துருச்சு. இப்ப பரவால்ல." பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். "சப்பாத்து நல்லா இளகிருச்சு புள்ள. கடிக்கிறத எல்லாம் கடிச்சு முடிச்சிருச்சு. நேத்துலேர்ந்து சும்மா இருக்கு."

"லயமே சிரிச்சுச்சே. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ போட விடமாட்ட."

அது உண்மை. விட்டிருக்க மாட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மருந்து டின்னைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். அன்று அவரைக் கானுக்குள் இறங்கவிடவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வைத்தேன்.

ஏழாம் நம்பர்

மாசக் கடைசி வந்தது. காலையில் சப்பாத்தைக் கையில் எடுத்தேன். பழையதாகியிருந்தது. ஓரங்கள் அகன்று, முன்பக்கம் என் விரல்களைப் போலவே ஐந்து பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் பீலிக்குப் போயிருந்தார், அன்று வெறுங்காலோடு.

கதவைச் சாத்தினேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சப்பாத்தின் குதிகால் பக்கத்தை வாயில் வைத்து ஒரு கடி கடித்தேன். மேரி அக்கா சொன்னது போலப் பல் பதிய. பிறகு மற்றதையும்.

உப்புக் கரித்தது. அவர் எத்தனை தடவை கழுவியும் போகாத மருந்தா, எட்டு நாள் நடந்த அவர் வேர்வையா, தெரியவில்லை. துப்பவில்லை.

ஏழாம் நம்பர் மலை செங்குத்து. துரை முன்னால், நான் பின்னால், கூப்பிடாமலே வேலாயுதம் கங்காணி அதற்கும் பின்னால். பெண்கள் கையால் கொழுந்து எடுத்தார்கள், கண்ணால் என் காலைப் பார்த்தார்கள். மேரி அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்வது தெரிந்தது.

நான் ஏறினேன். கடிக்கவில்லை. ஒரு இடத்தில்கூட. பாதியில் துரையைத் தாண்டிவிட்டேன், பிறகு மரியாதைக்கு நின்றேன்.

உச்சியில் நின்றால் கிழக்கே கீழ்நாடு முழுக்கத் தெரியும். துரை இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"எப்படி, இப்ப சப்பாத்து கடிக்கலையா?"

"கடிச்சுச்சுங்க. கடிக்க வேண்டிய ஆளக் கடிச்சு முடிச்சிருச்சு. இப்ப அதுக்குப் பசி இல்ல."

பின்னால் வேலாயுதம் கங்காணி இருமினார். துரை சிரித்தார். சிரிக்கிற நேரத்தை விடக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

"கால் நல்லா இருக்குங்க. இந்த மலைக்கு ஒரு கக்கூஸ் வேணும். நாப்பது பொம்பளை நிக்கிறோம்."

சிரிப்பு நின்றது. "பார்ப்போம்" என்றார். பல மாசம் கழித்து நாலு தகரமும் ஒரு கதவும் வந்தது. கதவுக்குக் கொண்டி வர இன்னும் பல மாசம். அந்தச் சண்டையை வேறொரு வாரம் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்று மத்தியானம் அந்தக் குமரிகளில் ஒருத்தி கையை மட்டும் காட்டிவிட்டு நிரையை விட்டு வெளியே போனாள். கத்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டு வந்து கொழுந்து எடுத்தாள். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று

இப்போது எங்கள் தோட்டத்தில் மூன்று பெண் கங்காணிகள். எனக்கு இது நாலாவது ஜோடி. ஒவ்வொரு புது ஜோடியும் முதலில் அவர் காலுக்குத்தான் போகிறது. நானும் இப்போது முறை வைத்துப் போடுகிறேன், ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. மற்ற இரண்டு பேரின் புருஷன்மார் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை. கால் பெரிசாம். கால் இல்லை, வேறு எதுவோ பெரிசு.

மலை இறங்கி வந்த அந்தப் பின்னேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அவர் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேலை நிரந்தரம் என்ற செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனாலும் என் காலைத்தான் பார்த்தார், நொண்டுகிறேனா என்று.

நான் உள்ளே போய்த் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தேன். அவர் காலடியில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உப்பு இல்லல்ல?"

"இல்ல. நீட்டுங்க."

நீட்டினார்.